ஒட்டாதீர்கள், தொங்கவிடுங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

“அப்பா 1987இல் வாங்கிய பிரீமியர் பத்மினி இன்னும் எங்களிடம் இருக்கிறது. கூரையில் இருந்த பழைய ரெக்ஸின் கிழிந்துபோனதால் பத்து வருடங்களுக்கு முன் ஒரு குஷன் கடையில் விட்டேன். ரெக்ஸினையும் அதைத் தாங்கியிருந்த கம்பிகளையும் எடுத்துவிட்டு, தகட்டில் மெல்லிய அட்டையை ஒட்டி, அதன்மேல் ஃபோம் வைத்த துணியை ஒட்டிக் கொடுத்தார்கள். மூன்று வருடம் நன்றாக இருந்தது. இப்போது துணி முழுவதும் பிரிந்து, பின்சீட்டில் உட்காருபவரின் தலைமேல் கொசுவலை போலக் கிடக்கிறது. நாற்பத்திரண்டு குண்டூசி குத்தி நிறுத்தி வைத்திருக்கிறேன். தட்டினால் மஞ்சள் மாவு கொட்டுகிறது. ஆவணியில் மகளுக்குத் திருமணம். மண்டபத்துக்கு அவளைத் தாத்தாவின் காரில்தான் அழைத்துப்போக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. நல்ல பசையாக வாங்கி நானே திரும்ப ஒட்டிவிடலாமா? எந்தப் பசை? பழைய கம்பிகள் என்ன ஆயின என்று தெரியவில்லை.”

குண்டூசியை எண்ணி எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே உங்கள் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: திரும்ப ஒட்டாதீர்கள். எந்தப் பசையாலும் அந்தத் துணி நிற்காது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் நிற்காது. ஏனென்றால் இங்கே செத்துப்போனது பசை அல்ல, ஃபோம்.

தட்டினால் மஞ்சள் மாவு கொட்டுகிறது என்கிறீர்களே, அதுதான் அந்த ஃபோம். துணிக்கும் அட்டைக்கும் நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரித்தேன் நுரை இருக்கும். துணியை நுரையோடு ஆலையிலேயே சேர்த்துவிடுவார்கள். நுரையை அட்டையில் நாம் ஒட்டுகிறோம். வெயிலின் சூடும் காற்றின் ஈரமும் சேர்ந்து வருடக்கணக்கில் அந்த நுரையை அரிக்கும்போது, அது முதலில் பிசுபிசுக்கும், பிறகு காய்ந்து மாவாகும். உங்கள் கூரையைப் பிரித்துப் பாருங்கள்: பசை அட்டையில் கெட்டியாகத்தான் இருக்கும், அதன்மேல் மெல்லிய மஞ்சள் படலம் இருக்கும். துணியின் முதுகிலும் அதே மஞ்சள் படலம் இருக்கும். பசை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. நடுவில் இருந்த நுரை இரண்டாகப் பிளந்துவிட்டது. அந்த மாவின்மேல் புதுப் பசையைப் பூசுவது, திருநீறு பூசிய சுவரில் போஸ்டர் ஒட்டுவது போல. ஒரு வாரம் நிற்கும். முதல் நல்ல வெயிலுக்கு வந்துவிடும்.

அடுத்த விஷயம், உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கலாம். அந்தக் கடைக்காரர் புதுக் காரின் வைத்தியத்தைப் பழைய காருக்குச் செய்திருக்கிறார். இன்றைய கார்களில் கூரையின் வளைவுக்கு ஏற்ப அச்சில் வார்த்த ஒரு பலகை இருக்கும். துணி அந்தப் பலகையில்தான் ஒட்டியிருக்கும். பலகை தகட்டைத் தொடாமல் தனியாக நிற்கும். உங்கள் பத்மினியின் கூரை அப்படி ஒட்டுவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் ஓடிய காலத்துக் கூரை பந்தல் மாதிரி. குறுக்கே வில் போல வளைந்த கம்பிகள், ரெக்ஸினின் முதுகில் தைத்த குழல்களுக்குள் அந்தக் கம்பிகள், கம்பிகளின் இரு முனையும் கூரையின் ஓரச் சட்டத்தில் உள்ள துளைகளில். ரெக்ஸினின் நான்கு ஓரங்கள் மட்டும்தான் பசையில் நிற்கும். நடுக்கூரையில் ஒரு சொட்டுப் பசை கிடையாது. தகட்டுக்கும் ரெக்ஸினுக்கும் நடுவில் இரண்டு விரல் அளவு காற்று நிற்கும். பசை இல்லாத இடத்தில் விட்டுப்போவதற்கு என்ன இருக்கிறது? முப்பது வருடம் கழித்து ரெக்ஸின் காய்ந்து, சுருங்கி, தையலில் கிழியும். கிழிந்து தொங்குமே தவிர, மொத்தமாகப் பெயர்ந்து தலையில் விழாது.

ஆகவே உங்கள் காருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கம்பிகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கிடைக்குமா என்று கேட்பீர்கள். 2023 அக்டோபர் இறுதியில் மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்றுவிட்டது. மற்றக் கார்களைவிடப் பத்மினிக்கு நீண்ட காலம் உதிரிபாகம் புழங்கியது அந்த டாக்ஸிகளின் புண்ணியம். இனி நாளுக்கு நாள் குறையும். சென்னை புதுப்பேட்டையிலும், உங்கள் பக்கத்தில் கோவை உக்கடத்திலும் பழைய வண்டி உடைக்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது “ரூஃப் கம்பி முழு செட்” என்று கேளுங்கள். ஒன்றிரண்டு இருக்கிறது என்றால் அதையும் விடாதீர்கள், மாதிரிக்கு ஆகும். ஒவ்வொரு கம்பியும் நீளத்திலும் வளைவிலும் வேறு வேறு. முன்னால் இருப்பதைப் பின்னால் போட்டால் கூரை கர்ப்பிணி வயிறு போல ஒரு பக்கம் இறங்கும். வண்டியிலிருந்து நீங்களே கழற்றும் வாய்ப்புக் கிடைத்தால், கழற்றும்போதே ஒட்டுத்தாளில் 1, 2, 3 என்று எழுதி ஒவ்வொன்றிலும் சுற்றுங்கள். இடது முனை எது என்றும் குறியுங்கள்.

கிடைக்கவில்லை என்றாலும் குடி முழுகிவிடாது. கம்பியைச் செய்துகொள்ளலாம். முதலில் கூரையின் ஓரச் சட்டத்தில் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கடைக்காரர் அவற்றைப் பட்டி வைத்து அடைத்திருந்தால் கிளறி எடுங்கள். துளைக்குள் ஆடாமல் போகும் கனத்தில் கெட்டிக் கம்பி வாங்குங்கள். கையால் வளைத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப முயலும் கம்பியாக இருக்க வேண்டும். கட்டுக்கம்பி மாதிரி வளைந்தபடியே கிடப்பது உதவாது. ஒவ்வொரு ஜோடித் துளைக்கும் நேராகத் தடித்த அட்டை ஒன்றைக் கூரை வளைவுக்கு வெட்டி வையுங்கள். அந்த வளைவிலிருந்து இரண்டு விரல் கீழே இறக்கி ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் கம்பியின் வளைவு. வெல்டிங் பட்டறையில் அட்டையைக் காட்டினால் வளைத்துக் கொடுத்துவிடுவார்கள். வளைத்த கம்பிக்குக் கட்டாயம் பெயின்ட் அடியுங்கள். இதை அலட்சியம் செய்த கூரைகளில் இரண்டு மழைக்காலம் கழிந்ததும் வெள்ளை ரெக்ஸினில் குறுக்கே பழுப்பு நிறத்தில் கோடு கோடாகத் துரு இறங்கியிருக்கும். அதை எந்தச் சோப்பாலும் போக்க முடியாது.

இப்போது பிரிக்கும் வேலை. இதை நீங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும். கூலிக்குச் செய்பவர் அவசரத்தில் விட்டுவிடுகிற வேலை இதுதான்.

பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கூரை விளக்குக்குப் போகும் ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். பிறகு சன் வைசர், பின்னால் பார்க்கும் கண்ணாடி, விளக்கு, கைப்பிடிகள், கதவு ஓரத்துப் பீடிங். திருகுகளை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். தீப்பெட்டிகளில் தனித்தனியாகப் போட்டு மேலே எழுதி வையுங்கள். கூரை விளக்கின் ஒயர் நுனியில் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி விடுங்கள். நாளைக்கு அந்த ஒயர் கூரைக்குள் நழுவிப் போனால், கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். துணியையும் அட்டையையும் உரிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அந்த மாவு சீட்டில் இறங்கினால் பிறகு எடுக்கவே முடியாது. சீட்டைக் கழற்ற முடியாவிட்டால் பழைய போர்வையால் மூடுங்கள்.

அட்டையைப் பெயர்த்ததும் கூரைத் தகட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். எனக்குப் பயம் இங்கேதான். அட்டை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் பொருள். பத்து வருடம் அதைத் தகட்டோடு சேர்த்து ஒட்டி வைத்திருக்கிறார்கள். முன் கண்ணாடிக்கு மேலே, பின் கண்ணாடியின் இரு மூலைகளில், கூரை ஓரத்து மழைத் தகரத்தின் உட்பக்கத்தில் துரு நிச்சயம் இருக்கும். பொட்டுப் பொட்டாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருவை மாற்றும் திரவம் தடவி, ரெட் ஆக்சைடு அடித்துவிடலாம். குத்தூசியால் குத்தினால் ஊசி மறுபக்கம் போகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். அது டிங்கர் வேலை. தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங் முடியும்வரை ரெக்ஸினை வீட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்; தீப்பொறிக்கு ரெக்ஸின் என்றால் அலாதிப் பிரியம்.

ஓட்டை இல்லாவிட்டாலும் தண்ணீர்ச் சோதனை செய்யாமல் மேலே போகாதீர்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். வெளியே ஒருவர் ஓஸ் பைப்பை மெதுவாகப் பிடிக்க வேண்டும், முதலில் கண்ணாடியின் அடிப்பக்கம், பிறகு பக்கங்கள், கடைசியில் மேலே. எடுத்த எடுப்பில் கூரைமேல் ஊற்றினால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். மழைத் தகரத்தின் இணைப்பில் பழைய மசாலா வெடித்திருந்தால் சுரண்டிவிட்டுப் புதிதாக அடையுங்கள்.

கண்ணாடிகளைக் கழற்ற வேண்டுமா என்பதில் கைத்தொழில்காரர்களுக்குள் சண்டை உண்டு. முன், பின் கண்ணாடிகளின் ரப்பர் உதட்டுக்கு அடியில்தான் ரெக்ஸினின் ஓரம் போய் முடிய வேண்டும். கழற்றாமல், மழுங்கிய மூங்கில் பட்டையால் உதட்டைத் தூக்கி ஓரத்தைச் செருகிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு வருடத்தில் மூலைகளில் நழுவும். என் கட்சி கழற்றுகிற கட்சி. உங்கள் காரின் ரப்பர் எத்தனை வயதானது என்று தெரியாது, ஆனால் நகத்தால் அழுத்தி, குழி விழாமல் கல் மாதிரி இருந்தால் அதற்கும் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். ஒரே ஒரு எச்சரிக்கை. புது ரப்பர் கைக்கு வந்து, அதைக் கண்ணாடி விளிம்பில் சுற்றி அளந்து பார்த்த பிறகு பழையதை வெட்டுங்கள். பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்தால் கண்ணாடி அலுங்காமல் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் கண்ணாடி மொத்தமும் கற்கண்டாகக் கொட்டிவிடும். அப்புறம் பத்மினி கண்ணாடிக்கு நீங்கள் எத்தனை ஊர் அலைய வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ரெக்ஸினை ஒட்டி முடித்த பிறகு கண்ணாடியைத் திரும்ப மாட்ட ஒரு பழைய வித்தை உண்டு. ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, தகட்டைக் கவ்வும் பள்ளத்தில் சுற்றிலும் ஒரு நைலான் கயிற்றைப் பதித்து, இரண்டு நுனிகளையும் கீழே நடுவில் உள்பக்கமாகத் தொங்கவிடுவார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெதுவாக உருவுவார். கயிறு வரும் வழியெல்லாம் ரப்பரின் உதடு தானாக ஏறித் தகட்டைக் கவ்விக்கொள்ளும். பார்க்கவே அழகாக இருக்கும். இதற்குக் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் முன்பே செய்தவராக இருக்க வேண்டும்.

தகடு காய்ந்ததும், அதில் சூடு தடுக்கும் நுரைத்தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய, தண்ணீர் குடிக்காத வகை. ஐந்து ஆறு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், கம்பிக்கு இடிக்கும். பளபளக்கும் பக்கம் கீழே பார்க்க வேண்டும். பலர் மாற்றி ஒட்டிவிட்டு, போட்டும் பயனில்லை என்பார்கள். அலுமினியம் தகட்டோடு ஒட்டிக்கிடந்தால் அதன் குணம் வீணாகிறது; கீழே உள்ள காற்று இடைவெளியைப் பார்த்துக்கொண்டு இருந்தால்தான் தகட்டின் சூட்டைக் கீழே வீசாமல் அடக்கி வைக்கும். இங்கே மட்டும், தகட்டில் நேராக ஒட்டுவதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. எடை குறைவு; ஓரிடத்தில் விட்டாலும் கம்பியும் ரெக்ஸினும் தாங்கிக்கொள்ளும்.

ரெக்ஸின் வாங்கும்போது சீட்டுக்குப் போடுகிற தடித்த ரெக்ஸினைத் தலையில் கட்டிவிடுவார்கள், வாங்காதீர்கள். கூரைக்கு மெல்லியது வேண்டும், பின்புறம் பனியன் துணி போல நெசவு இருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் ஒரு சாண் துண்டைப் பிடித்து இழுத்து விடுங்கள். சற்று நீண்டு, திரும்பப் பழைய அளவுக்கு வந்தால் நல்லது. இழுத்த இடத்தில் வெள்ளையாக வெளுத்தால் வேண்டாம். இளம் கிரீம் நிறத்தில் ஊசித்துளை போட்டது கிடைத்தால் அந்தக் காலத்து முகமே திரும்பிவிடும். 54 அங்குல அகலத்தில் மூன்று மீட்டர் வாங்குங்கள். மிச்சம் வரும், சன் வைசருக்கு ஆகும். கூரை ஒரு நிறமும் வைசர் ஒரு நிறமும் ஆனால் கண்ணை உறுத்தும். சென்னைக்கு வருவதாக இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அரை நாள் ஒதுக்கினால் போதும்.

பழைய ரெக்ஸின் இருந்திருந்தால் அதைப் பிரித்து வைத்து அப்படியே வெட்டியிருக்கலாம். அது உங்களிடம் இல்லை. ஆகவே மாதிரி ஒன்று தயாரிக்க வேண்டும். வெறும் கம்பிகளை அவற்றின் இடத்தில் மாட்டிவிட்டு, மலிவான காடாத் துணியைக் கம்பிகளின்மேல் குண்டூசியும் கிளிப்பும் போட்டுத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கம்பி வரும் இடத்திலும் பென்சிலால் கோடு இழுங்கள். கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள தூரத்தை நடுவில் ஒருமுறை, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு முறை அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருக்காது. ஒன்றாக இருக்கிறது என்று எண்ணி நேர்க்கோட்டில் வெட்டினால் ஓரங்களில் சுருக்கம் விழும். நடுக்கோடு ஒன்றையும் முன்னிருந்து பின்வரை இழுத்து வையுங்கள். மாட்டும்போது உங்களுக்குத் தெய்வம் அந்தக் கோடுதான்.

வெட்டுவதையும் தைப்பதையும் குஷன் கடையில் கொடுத்துவிடுங்கள். வீட்டுத் தையல் மெஷினில் ரெக்ஸின் வழுக்கும், ஊசி தாண்டும். கடையில் நுழைந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: “கம்பி போட்ட கூரை தைத்திருக்கிறீர்களா?” “அதெல்லாம் எதற்கு சார், ஃபோம் துணி ஒட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும்” என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். தைத்திருக்கிறேன் என்று சொல்பவரிடமும் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். கம்பி நுழையும் குழலைக் காடாத் துணியில் தைக்க வேண்டும், கம்பி இறுக்கமாக நுழையும் அகலத்தில் தைக்க வேண்டும். குழல் தொளதொளவென்று இருந்தால் கம்பி மேலே நிற்க, ரெக்ஸின் ஒரு விரல் கீழே தொங்கும்.

மாட்டும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரெக்ஸினை ஒரு மணி நேரம் வெயிலில் விரித்துப் போடுங்கள். இளகிய பிறகு கம்பிகளை வரிசைப்படி குழல்களில் நுழைத்து, காருக்குள் கொண்டுபோய், பின்னாலிருந்து முன்னோக்கி ஒவ்வொரு கம்பியாகத் துளைகளில் மாட்டுங்கள். கம்பி முதலில் சாய்ந்து படுத்துக் கிடக்கும். அதைத் தூக்கி நிறுத்தும்போதுதான் ரெக்ஸின் விறைக்கும். பல கார்களில் கடைசிக் கம்பியைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்க இரண்டு சிறு கொக்கிகள் உண்டு. உங்கள் காரில் அவை இல்லாவிட்டால் மெல்லிய கம்பியில் செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் முன்பக்கம் இழுக்க இழுக்க எல்லாக் கம்பிகளும் முன்னால் சாய்ந்துகொண்டே வரும்.

பசை இனிமேல்தான். முதலில் பசை இல்லாமலே முன் ஓரத்தின் நடுவையும் பின் ஓரத்தின் நடுவையும் கிளிப் போட்டு நிறுத்துங்கள். நடுக்கோடு கோணாமல் இருக்கிறதா பாருங்கள். பிறகு பக்கங்கள்: இடதில் ஒரு கிளிப், வலதில் ஒரு கிளிப், நடுக் கம்பியிலிருந்து தொடங்கி மாறி மாறி.

இந்த இடத்தில்தான் குழலின் முனைகள் வம்பு செய்யும். ரெக்ஸின் பக்கத்துச் சட்டத்தை நோக்கி வளைந்து இறங்க வேண்டிய இடத்தில், குழல் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தால், கம்பி முடியும் இடத்திலிருந்து கோழிக்கால் விரல்கள் மாதிரி மூன்று சுருக்கங்கள் விரியும். குழலின் முனையை மட்டும், ரெக்ஸினைத் தொடாமல், கத்தரியால் ஒரு சென்டிமீட்டர் வெட்டுங்கள். இழுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் அரை சென்டிமீட்டர். சுருக்கம் மறைந்த நொடியில் கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள். நான் தொழில் கற்றுக்கொண்டிருந்தபோது ஒரு அம்பாசடர் கூரையில், எப்படியும் வெட்டத்தானே போகிறோம் என்று எல்லா முனைகளையும் ஒரேயடியாக நான்கு விரல் வெட்டிவிட்டேன். கூரை ஓரங்களில் மட்டும் பை பையாக இறங்கிவிட்டது. மேஸ்திரி திட்டவில்லை. முழு ரெக்ஸினையும் கழற்றச் சொல்லி, புதுக் குழல்களைக் கையால் தைக்கச் சொன்னார். விடிந்துவிட்டது. அன்று முதல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என் கத்தரி போனதில்லை.

கேட்டீர்களே, எந்தப் பசை என்று. ரப்பர் பசை, சன்மைக்கா ஒட்டப் பயன்படும் ஃபெவிக்கால் எஸ்.ஆர். 998 வகை. வெள்ளையாக இருக்கும் மரப்பசை வேண்டவே வேண்டாம், அது தகட்டுக்கு ஆகாது. தகட்டின் விளிம்பிலும் ரெக்ஸினின் முதுகிலும் இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத நிலைக்கு வந்ததும் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போது சேர்த்தால் நழுவிக்கொண்டே இருக்கும். காய்ந்த பிறகு சேர்த்தால் பிடித்த பிடிதான், நகர்த்த முடியாது. ஒரே நேரத்தில் ஒரு முழத்துக்கு மேல் தடவாதீர்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடியுங்கள். உச்சி வெயிலில் தூரிகையிலேயே காய்ந்துவிடும். கதவுகள் நான்கும் திறந்திருக்கட்டும். அந்தப் பசையின் ஆவி பெட்ரோல் போலத் தீப்பிடிக்கும், தலையும் சுற்றும். பீடி, சிகரெட் பிடிக்கும் உதவியாளர் இருந்தால் பத்து மணி வரை அவரை டீக்கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

மூலைகளில் ரெக்ஸினின் ஓரத்தில் சிறு வெட்டுகள் போட்டால்தான் வளைவில் படுத்துக்கொள்ளும். வெட்டு, ரப்பருக்கு அடியில் மறையும் பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டும். விளக்குக்கான ஓட்டையைக் கடைசியில், எல்லாம் இறுகிய பிறகு, பெருக்கல் குறி மாதிரி சிறிதாகக் கீறுங்கள். வைசர் திருகின் இடத்தை உள்ளிருந்து விரலால் தடவிக் கண்டுபிடித்து ஊசியால் குத்துங்கள்.

எல்லாம் முடிந்தும் சில சுருக்கங்கள் இருக்கும். பதற வேண்டாம். கதவுக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இரண்டு நாள் வெயிலில் நிறுத்துங்கள். சித்திரை, வைகாசி வெயில் நம் ஊரில் வேறு எதற்கும் நல்லதில்லை, இதற்கு நல்லது. பாதிச் சுருக்கம் தானாகப் போய்விடும். மீதிக்குத் தலைமுடி காய வைக்கும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருங்கள். பெயின்ட் உரிக்கும் சூட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவராதீர்கள். அது தொட்ட இடம் பளபளவென்று ஆகி ஆயுளுக்கும் தெரியும்.

இதே பிரச்சினையோடு பத்துப் பதினைந்து வயதுக் கார் வைத்திருப்பவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காரில் பலகை இருக்கிறது, கம்பி வேண்டாம். ஆனால் பலகையை மடக்காமல் வெளியே எடுத்து, பழைய நுரை மாவை நைலான் பிரஷ்ஷால் வெறும் பலகை தெரியும்வரை தேய்த்து, அதன் பிறகுதான் புது ஃபோம் துணியைச் சூடு தாங்கும் ஸ்ப்ரே பசையால் ஒட்ட வேண்டும். காருக்குள் இருந்தபடியே, தொங்கும் துணிக்கு ஊசி போட்டுப் பசை ஏற்றுகிறேன் என்று யாராவது வந்தால், கதவைத் திறக்காதீர்கள்.

ஈரோட்டு அன்பருக்குத் திரும்ப வருகிறேன். ஆவணிக்குக் காலம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. கம்பி தேடுவதை இந்த வாரமே தொடங்குங்கள், மற்ற எல்லாம் அதற்காகக் காத்திருக்கும். துரு வேலைக்கு ஒரு வாரம், ரப்பர் வந்துசேர எத்தனை நாள் ஆகும் என்பது கடைக்காரர் சொல்வதில் இருமடங்கு. தைக்க இரண்டு நாள். மாட்ட ஒரு முழு நாள், முன்பே செய்த கை ஒன்று கூட இருந்தால். திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது வேலை முடிந்திருக்க வேண்டும். பசை வாடை போக அவ்வளவு நாள் பிடிக்கும். பட்டுப்புடவையும் மல்லிகையுமாக உட்காருகிற பெண்ணுக்குத் தலைவலி வரக் கூடாது.

இன்னொன்று. துணியை உரிப்பதற்கு முன்னால் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு டப்பாவில் போடுங்கள், போடும்போது எண்ணுங்கள். நாற்பத்திரண்டும் வந்ததா பாருங்கள். நாற்பத்தொன்று என்றால், பின்சீட்டைக் கழற்றித் தேடிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.